நீரிறைக்கும் எஞ்சினின் சீரற்ற ஓட்டமும் அதனைத் திருத்தும் முறையும்

முன்னுரை

கிணற்று நீரைக்கொண்டு வெங்காயம், மிளகாய், புகையிலை, கத்தரி முதலியவற்றைச் செய்கைபண்ணிய யாழ்ப்பாணக் கமக்காரர் முன்னாளில் துலாவையும் பட்டையையுமே நம்பியிருந்தனர். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் பாத்திக்கு நீர் மாற, பலரின் உழைப்பினால் ஓர் இறைப்பு நிறைவேறியது. 1950களிலும் அதற்குப் பின்னரும் சிறு எஞ்சின் பூட்டிய நீர்ப்பம்பி அவ்வுழைப்பின் இடத்தைப் பெற்றது. இன்று மின்சார மோட்டார் பல தோட்டங்களில் உண்டு. எனினும், மின்கம்பி எட்டாத தோட்டங்களிலும், வாய்க்காலிலிருந்தோ ஆற்றிலிருந்தோ நெல்வயலுக்கு நீர் ஏற்றுமிடங்களிலும், பெற்றோலினால் அல்லது மண்ணெண்ணெயினால் ஓடும் சிறு எஞ்சினே கமக்காரருக்குக் கைகொடுக்கிறது.

இவ்வெஞ்சின் முற்றாக நின்றுவிட்டால் கமக்காரர் உடனே திருத்துநரை நாடுவர். ஆனால், அது நில்லாமலும் சீராக ஓடாமலும், ஒருகால் விரைந்தும் ஒருகால் தளர்ந்தும் ஓடுமாயின், பலர் அதனைப் பொறுத்துக்கொண்டு இறைப்பை நடத்துவர். அதனால் வரும் நட்டம் சிறிதன்று. எரிபொருள் வீணாகும், கடைப்பாத்திக்கு நீர் எட்டாது, வெங்காயம் குமிழ் பருக்கும் காலத்திலும், நெல் குடலைப்பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நீர் தவறினால், பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் இழந்த விளைவு மீளாது. பொறுத்துக்கொள்ளப்பட்ட சிறு குற்றம் ஈற்றில் எஞ்சினையும் கெடுக்கும்.

வேறு சிலர், ஓட்டம் தடுமாறியதும் காபுறேற்றரிலுள்ள திருகாணிகளை இங்குமங்குமாகத் திருகுவர். இது நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். முன்னர் ஒரு குற்றம் இருந்த இடத்தில் இப்பொழுது இரண்டு இருக்கும். ஆதலால், இப்பிரசுரத்தில் வற்புறுத்தப்படுவது ஒன்றே: திருகாணியைத் தொடுமுன், காரணத்தை ஒழுங்குமுறையில் தேடுக. இங்கே கூறப்படும் சோதனைகளுட் பெரும்பாலானவற்றுக்குப் பிளக் கழற்றும் சாவியும், ஒரு கண்ணாடிப் போத்தலும், கூர்ந்து கேட்கும் செவியுமே போதுமானவை.

வேலை தொடங்குமுன்: கிணற்றினுள் எஞ்சினை ஓட்டலாகாது

பம்பி நீரை உறிஞ்சும் உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீரை மேலே தள்ளுவது வளிமண்டலத்தின் அமுக்கமாதலால், கணக்கின்படி அவ்வெல்லை ஏறக்குறைய 10.3 மீற்றராகும். நடைமுறையில் 6 அல்லது 7 மீற்றருக்கு மேல் எதிர்பார்த்தல் கூடாது. வரட்சியில் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கும்போது, சிலர் எஞ்சினைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றின் படியிலோ குழியிலோ இறக்கி வைக்கின்றனர். இது உயிருக்கு இறுதி விளைக்கும் செயலாகும்.

எஞ்சினின் புகையிற் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. கிணற்றில் இறங்கியவர் அதனை உணருமுன்னரே கைகால் சோர்ந்து மயங்கி விழுவர். அவரைத் தூக்கச் சென்றவரும் அவ்வாறே விழுவர். எரியும் விளக்கைக் கிணற்றினுள் இறக்கிக் காற்றைச் சோதிக்கும் பழைய வழக்கம் இந்த நஞ்சுக்குப் பயன்படாது. விளக்கு அணைந்தால் அங்கே பிராணவாயு குறைவென்று அறியலாம்; ஆனால், விளக்கு நன்றாக எரியும் காற்றிலும் மனிதரைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருத்தல் கூடும்.

எஞ்சினின் சீரற்ற ஓட்டத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கிணற்றினுள் ஓடும் எஞ்சின் தான் விட்ட புகையையே மீண்டும் உள்ளிழுக்கும். அப்பொழுது அது திணறும்; கரும்புகை விடும்; வேகம் குறையும். என்ன குற்றமென்று பார்க்கக் கமக்காரர் கிணற்றில் இறங்குவதும் அந்நேரத்திலேதான். எஞ்சின் திணறும் காற்றில் மனிதரும் பிழைக்க மாட்டார் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். புகைக்குழாயை நீட்டி வெளியே விடுதல் போதிய காப்பன்று. பொருத்துக்களால் புகை கசியும். நீண்ட குழாய் புகையை மறித்து எஞ்சினின் வலுவையும் குறைக்கும்.

எனவே, எரிபொருள் எஞ்சினைக் கிணற்றின் வெளியே, காற்றோட்டமான இடத்திலேயே வைக்க. நீர்மட்டம் அதற்கு எட்டாவிடின் நீரில் அமிழ்த்தும் மின்பம்பி முதலிய வேறு வழியை நாடுக. ஒருவர் கிணற்றினுள் மயங்கிக் கிடக்கக் கண்டால், எவரும் பின்தொடர்ந்து இறங்கலாகாது. எஞ்சினை நிறுத்த வழியிருந்தால் நிறுத்தி, அயலவரைக் கூவியழைத்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச நோயாளர் காவு வண்டியை உடனே வரவழைக்க.

எஞ்சின் ஓடும் விதம்

குற்றத்தைக் கண்டறிவதற்கு எஞ்சின் எவ்வாறு ஓடுகிறதென்பதை ஓரளவாயினும் அறிந்திருத்தல் வேண்டும். அது மூன்று பொருள்களைக் கொண்டு வாழ்கிறது: எரிபொருள், காற்று, தீப்பொறி. தாங்கியிலிருந்து இறங்கும் பெற்றோல், காபுறேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் ஒரே மட்டத்தில் நிற்கும். பிஸ்டன் உறிஞ்சும் காற்று காபுறேற்றரின் ஒடுங்கிய வழியால் விரைந்து செல்லும்போது, ஜெற் எனப்படும் மிக நுண்ணிய துளைகளினூடாகப் பெற்றோலையும் இழுத்துச் செல்லும். அக்கலவையைப் பிளக்கின் தீப்பொறி எரிக்கிறது.

இவற்றோடு கவனர் என்னும் உறுப்பும் உண்டு. எஞ்சினின் வேகம் குறைந்தால் காபுறேற்றரின் கதவைத் திறந்து கலவையைக் கூட்டுவதும், வேகம் மிகுந்தால் மூடிக் குறைப்பதும் இதன் தொழில். இதனாலேயே சீரற்ற ஓட்டம் ஒரு தாளம்போலக் கேட்கிறது. கலவையிற் பெற்றோல் குறைந்ததும் எஞ்சின் தளரும், கவனர் கதவைத் திறக்கும், வேகம் ஏறும், கவனர் மூடும், மீண்டும் தளரும். இவ்வாறு இழுபடும் கம்பியைக் கண்டவர் கவனரே பழுதென்று எண்ணி அதன் வில்லை இழுத்தோ வளைத்தோ விடுவர். ஆனால் பெரும்பாலான வேளைகளிற் கவனர் தன் கடமையையே செய்கிறது; குறைபாடு எரிபொருள் வரும் வழியிலே இருக்கும்.

முதலாவது கேள்வி: குற்றம் எஞ்சினிலா, பம்பியிலா?

எஞ்சின் சுமக்கும் பாரம் நீராகும். அப்பாரம் மாறினால் எஞ்சினின் ஓசையும் மாறும். ஆதலால் முதலில் நீர் விழும் வாயையும் எஞ்சினின் ஓசையையும் ஒருங்கே கவனித்தல் வேண்டும்.

நீர் முதலிற் குறைந்து, அதன் பின் எஞ்சின் விரைந்து ஓடினால், குற்றம் பம்பியில் அல்லது உறிஞ்சு குழாயில் உள்ளது. பம்பியினுட் காற்றுப் புகுந்து நீர் அறுபட, பாரமிழந்த எஞ்சின் விரைகிறது. நீர் மீண்டும் பிடித்ததும் தளர்கிறது. விழும் நீர் நுரைத்தோ வெண்மையாகவோ தோன்றுதல் இதற்கு அடையாளம்.

எஞ்சின் முதலில் தளர்ந்து, அதன் பின் நீர் குறைந்தால், குற்றம் எஞ்சினில் உள்ளது.

பம்பியின் பக்கத்தில் நோக்கவேண்டியவை சில. உறிஞ்சு குழாயின் பொருத்துக்கள் இறுக்கமாக உள்ளனவா? குழாயில் வெடிப்பு உண்டா? அடிவாயிலுள்ள புட்வால்வு கல், சருகு, பாசி ஆகியவற்றால் அடைபட்டுளதா? அது நீரினுள் ஓரடியாவது அமிழ்ந்து, அடிச்சேற்றிற் படாமல் நிற்கிறதா? உறிஞ்சு குழாயிற் கசிவு இருப்பின் நீர் வெளியே சொட்டாது, காற்றே உட்புகும். ஆதலாற் கண்ணாற் காண்பது அரிது. பொருத்தின்மேல் ஈரக் களிமண்ணை அப்பிப் பார்க்க. நீர் தெளிந்து எஞ்சினும் சீர்ப்பட்டால், கசிவு அவ்விடத்திலென்று அறிக.

குழாயிற் குறையெதுவுமின்றி, சிறிது நேரம் இறைத்தபின் மாத்திரம் இவ்வாறு நிகழுமாயின், கிணற்றின் நீர் இறைப்புக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது பொருள். எஞ்சினைத் திருத்த வேண்டியதில்லை. இறைப்பை நிறுத்திக் கிணறு ஊற இடங்கொடுத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கரையோரக் கிணறுகளை அளவிறந்து இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும். பயிருக்கு நீரில்லாத ஒருநாளினும், உவரான கிணறு பெருங்கேடாகும்.

பம்பி நீரின்றி ஓடினால் அதன் அடைப்புக்கள் காய்ந்து கெடும். எஞ்சினைச் சோதிக்கும்போதும் பம்பியை நீரால் நிரப்பியே ஓட்டுதல் நன்று.

இரண்டாவது கேள்வி: கலவையில் எது மிகை, எது குறை?

குற்றம் எஞ்சினில் என்று தெளிந்தபின், எஞ்சின் சூடேறிய நிலையில், சோக் என்னும் காற்றடைப்பை மெதுவாகப் பாதிவரை மூடிப் பார்க்க. சோக் மூடப்படும்போது காற்றுக் குறைந்து, கலவையிற் பெற்றோல் மிகும்.

சோக் மூட ஓட்டம் சீர்ப்படுமாயின், கலவையிற் பெற்றோல் போதாது. அல்லது எங்கேயோ மிகைக் காற்றுப் புகுகிறது.

சோக் மூட ஓட்டம் மேலும் கெட்டுக் கரும்புகை தோன்றுமாயின், பெற்றோல் முன்னரே மிகையாயுள்ளது; காற்று வழி அடைபட்டிருக்கலாம்.

சோக் எவ்வாறிருப்பினும் எஞ்சின் இடையிடையே வெட்டி வெட்டி ஓடுமாயின், தீப்பொறியையோ எரிபொருளிற் கலந்த நீரையோ ஐயுறுக.

சோக்கைப் பாதி மூடியவாறே நாள்தோறும் இறைப்பை நடத்துதல் பரிகாரமாகாது. எரிபொருள் வீணாவதோடு, மிகைப் பெற்றோல் சிலிண்டரின் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிப் பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும்.

எரிபொருள் வழி

எரிபொருள் வேலையை எஞ்சின் ஆறியபின்னரே செய்க. அடுப்பு, பீடி, சுருட்டு முதலியன அணுகலாகாது.

1. தாங்கியின் மூடி. மூடியில் ஒரு சிறு காற்றுத்துளை உண்டு. பெற்றோல் இறங்க இறங்க அதனூடாகக் காற்று உட்செல்லுதல் வேண்டும். தூசியாலோ குளவி கட்டிய மண்ணாலோ அது அடைபட்டால், எஞ்சின் பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பின் தளர்ந்து நிற்கும். சிறிது நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடும். எஞ்சின் தளரும்போது மூடியைச் சிறிது தளர்த்துக. காற்று உள்ளே சீறும் ஒலி கேட்டு ஓட்டம் சீர்ப்பட்டால், காரணம் அதுவே. துளையைச் சுத்தஞ்செய்தாற் போதும்.

2. குழாயின் ஓட்டம். காபுறேற்றருக்குச் செல்லும் இறப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் நுனியைப் போத்தலிற் பிடித்துத் திருகுபிடியைத் திறக்க. பெற்றோல் ஒரே சீராக விழுதல் வேண்டும். முதலில் ஓடிப் பின் சொட்டுச் சொட்டாகக் குறைந்தால், தாங்கியின் அடியிலுள்ள வலை அடைபட்டுளது. அல்லது குழாய் உள்ளே ஊதி ஒடுங்கியுளது.

3. நீர் கலந்த பெற்றோல். போத்தலிற் பிடித்ததைச் சிறிது நேரம் அசையாமல் வைக்க. நீர் பெற்றோலினும் பாரமானதாதலால் அடியில் தனிப் படையாகத் திரளும். மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகாணியைத் தளர்த்தி அதிலுள்ளதையும் அவ்வாறே வடித்துப் பார்க்க. மழைக்காலத்தில் வெளியிற் கிடந்த எஞ்சின்களிலும், வாய் மூடாத கலன்களில் வாங்கிய பெற்றோலிலும் இக்குற்றம் பெரிதும் காணப்படும்.

4. ஜெற்றின் அடைப்பு. சீரற்ற ஓட்டத்துக்குப் பொதுவான காரணம் இதுவே. காலபோகத்து மழை தொடங்கியதும் பலர் எஞ்சினை அப்படியே ஒதுக்கி வைத்து, மழை ஓய்ந்து தோட்டஞ் செய்யத் தொடங்கும்போது வெளியே எடுப்பர். இடையிலுள்ள மாதங்களிற் காபுறேற்றரிற் கிடந்த பெற்றோல் ஆவியாகி, பிசின்போன்ற வண்டலை விடும். அவ்வண்டல் சிறிய ஜெற்றையே முதலில் அடைக்கும். பாரமின்றி அல்லது சிறு பாரத்தில் ஓடும்போது வேகம் ஏறியிறங்கி, முழுப் பாரத்தில் ஓரளவு சீராக ஓடுமாயின், சிறிய ஜெற் அடைபட்டதென்று கொள்ளலாம். பாரம் ஏற்றும்போது தளருமாயின், பெரிய ஜெற்றை நோக்குக.

ஜெற்றைக் கழற்றிப் பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பியால் ஊதிச் சுத்தஞ்செய்க. ஒளிக்கு நேரே பிடித்தால் துளை முழுவட்டமாகத் தோன்றுதல் வேண்டும். ஊசியாலோ உருக்குக் கம்பியாலோ குத்தலாகாது. பித்தளை மென்மையானது; துளை சிறிது பெருத்தாலும் எஞ்சின் என்றும் மிகைப் பெற்றோல் குடிக்கும். கழற்றிய ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, அவ்வரிசையிலேயே மீளப் பூட்டுக.

காற்று வழி

செம்மண் தூசி பறக்கும் தோட்டத்திற் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். வடிகட்டி அடைபட்டால் கரும்புகையும், பெற்றோல் மணமும், தளர்ந்த ஓட்டமும் தோன்றும். கடற்பஞ்சு போன்ற வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்றாக உலர்த்தி, சுத்தமான ஒயிலிற் சிறிது தோய்த்துப் பிழிந்து பூட்டுக. கடதாசி வடிகட்டியைக் கழுவலாகாது. மெல்லத் தட்டித் தூசியை நீக்குக, பழுதாயின் மாற்றுக. வடிகட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுவோர் சிலர் உளர். அன்று ஓட்டம் சீராகும். ஆனால் மண் உட்சென்று, சிலிண்டர் குறுகிய காலத்தில் தேய்ந்துவிடும்.

இதற்கு மாறாக, வரக்கூடாத வழியாற் காற்றுப் புகுதலும் உண்டு. காபுறேற்றரும் எஞ்சினும் சேருமிடத்திலுள்ள கஸ்கெற் கிழிந்தால், அல்லது ஆணிகள் தளர்ந்தால், கலவை மெலிந்து வேகம் ஏறியிறங்கும். முதலில் ஆணிகளைச் சமமாக இறுக்கிப் பார்க்க. பின்பு, எஞ்சின் ஓடும்போது, ஒயிலில் தோய்த்த கோழியிறகால் அப்பொருத்தைச் சுற்றித் தடவுக. ஓட்டம் உடனே மாறினால் அவ்விடத்தாற் காற்றுப் புகுகிறது, கஸ்கெற்றை மாற்றுக. இச்சோதனைக்குப் பெற்றோலை ஒருபோதும் பயன்படுத்தலாகாது, தீப்பற்றும்.

தீப்பொறி

பிளக்கின் நுனி எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும். நீண்ட நேரம் பாரத்தில் ஓடிய எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் பிளக்கைக் கழற்றி நோக்குக.

வெளிறிய மண்ணிறமாயின் கலவை சரியானது. உலர்ந்த கரிபடிந்து கறுத்திருந்தாற் பெற்றோல் மிகை, அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. கறுத்து ஒயில் பிசுபிசுத்தால் வளையங்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம். வெண்மையாகி வெந்தது போலிருந்தாற் கலவையிற் பெற்றோல் குறைவு, அல்லது எஞ்சின் அளவுக்கு மேற் சூடாகிறது.

நுனிகளுக்கிடையேயுள்ள இடைவெளி பல எஞ்சின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையாகும். உங்கள் எஞ்சினின் கைநூல் கூறும் அளவையே பின்பற்றுக. ஐயமிருப்பின் புதிய பிளக் ஒன்றைப் பூட்டிப் பார்த்தல் எளிய சோதனையாகும். பிளக்கின் தொப்பி தளர்ந்திருத்தலும், அதற்கு வரும் கம்பி உராய்ந்து கிழிந்திருத்தலும் கவனிக்கத்தக்கவை.

குளிர்ந்தபோது நன்றாக ஓடி, சூடேறியபின் வெட்டி வெட்டி நிற்கும் எஞ்சினில், தாங்கியின் மூடியைத் தளர்த்தியும் பயன் கிடையாதாயின், தீப்பொறி தரும் சுருள் பழுதாகியிருக்கலாம். இதனைத் திருத்துநரிடம் விடுதல் வேண்டும். அதற்குமுன், காற்றால் ஆறும் எஞ்சினின் செதில்களுக்கிடையே வைக்கோலும் சேறும் அடைந்துளவா என்று நோக்குக. அளவுக்கு மேற் சூடாகும் எஞ்சின் எதுவும் சீராக ஓடாது.

ஒயில் குறைந்தால் தானே நிற்கும் காப்பு இக்கால எஞ்சின்கள் பலவற்றில் உண்டு. வரம்பின்மேற் சரிவாக வைத்த எஞ்சினில், ஒயில் போதியதாயினும் இக்காப்பு இயங்கி ஓட்டத்தை நிறுத்தக்கூடும். எஞ்சினை மட்டமான பலகையின்மேல் வைக்க.

கவனர்

மேற்கூறிய யாவற்றையும் நோக்கிய பின்னரே கவனரை ஐயுறுதல் முறையாகும். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஏறியிறங்கும்போது, காபுறேற்றரின் கதவை அசைக்கும் நெம்பை விரலால் மெதுவாக ஒரே நிலையிற் பிடித்துப் பார்க்க. ஓட்டம் சீர்ப்பட்டால், கவனரின் கம்பி இறுகியோ, வில் சோர்ந்தோ, மூட்டுக்கள் தேய்ந்தோ உள்ளன. பிடித்த பின்னும் ஏறியிறங்கினால் குற்றம் எரிபொருளிலே, ஜெற்றுக்குத் திரும்புக. இச்சோதனையின்போது வேகத்தைக் கூட்டலாகாது.

கம்பியிலும் மூட்டிலும் படிந்த சேற்றை நீக்கி அவை தடையின்றி அசையச் செய்க. நீர் கூடுதலாகக் கிடைக்குமென்று வில்லைக் கம்பியாலோ இறப்பராலோ இழுத்துக் கட்டுதல் பெருந்தவறு. கட்டுப்பாடிழந்த எஞ்சின் மிகுவேகத்தில் ஓடி, அதன் இணைப்புத்தண்டு முறிந்தால், புதிய எஞ்சினே வாங்க நேரும்.

மண்ணெண்ணெய் பற்றி

1990களில் வடபகுதியிற் பெற்றோல் அரிதாயிருந்த காலத்தில், பெற்றோலுக்கென அமைந்த எஞ்சின்கள் பல மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. அவ்வழக்கம் சிலரிடம் தொடர்ந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நின்று, வெண்புகையையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கும். எரியாத பங்கு வளையங்களினூடாக இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயில்மட்டம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்து, மண்ணெண்ணெய் மணம் வீசினால், உடனே ஒயிலை மாற்றுதல் வேண்டும். பெற்றோல் எஞ்சினின் மிகுந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் காலந்தவறி வெடித்து, உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல ஒலிக்கும். அவ்வொலியோடு பாரத்தில் ஓடும் எஞ்சினின் பிஸ்டன் நெடுநாள் நில்லாது.

ஆதலால், மண்ணெண்ணெய்க்கென அமைந்த எஞ்சினில் மாத்திரம் அதனைப் பயன்படுத்துக. அதிலும், பெற்றோலில் தொடக்கி, நன்றாகச் சூடேறிப் பாரம் ஏற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுக. மறுநாள் தொடக்குவதற்குக் காபுறேற்றரிற் பெற்றோல் நிற்கும். இலாபம் கருதி மாற்றுவோர், 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே முறையில் உயர்ந்ததை நினைவிற் கொள்ளுதல் நன்று. மலிவு நிலையானதன்று, கெட்ட எஞ்சினின் செலவோ நிச்சயமானது.

விசைத் தெளிகருவியின் எஞ்சின்

முதுகிற் சுமக்கும் விசைத் தெளிகருவிகளுட் பலவற்றின் எஞ்சின் இரண்டடி வகையினது. இதற்குத் தனியே ஒயில் ஊற்றுவதில்லை. பெற்றோலோடு கலத்தல் வேண்டும். 25 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு இரண்டடி ஒயில் எனப் பல கைநூல்கள் கூறும். அஃதாவது 1 லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். ஒயில் மிகுந்தால் பிளக் கரிபிடித்து ஓட்டம் தடுமாறும், புகைவாய் அடைபடும். குறைந்தால் பிஸ்டன் இறுகும். கண்மட்டாக ஊற்றாது அளந்து, வேறு கலத்திற் குலுக்கிக் கலந்தபின் தாங்கியில் ஊற்றுக.

இறைப்பில்லாக் காலத்திற் பாதுகாத்தல்

1. மழைக்காலத்துக்கு ஒதுக்குமுன் தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி, கிண்ணத்தில் எஞ்சியதையும் வடித்துவிடுக.

2. ஒயிலைச் சூட்டோடு மாற்றுக. நமது காலநிலைக்கு எஸ்.ஏ.ஈ. 30 வகை பெரும்பாலும் பொருந்தும். புதிய எஞ்சினில் முதல் 20 மணி நேர ஓட்டத்தின் பின்னும், அதன்மேல் கைநூல் குறித்த மணிக்கணக்கின்படியும் மாற்றுதல் வேண்டும். ஓடிய மணிகளைச் சுவரிலோ கொப்பியிலோ குறித்து வைக்க.

3. பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி ஒயிலை ஊற்றி, கயிற்றை இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்து, மீளப் பூட்டுக. சிலிண்டர் துருப்பிடியாது.

4. எஞ்சினை மூடி, நிலத்தினின்று உயர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வைக்க. உரப்பைகளுக்கு அருகில் வைக்கலாகாது.

சுருக்கம்

நீர் அறுபட்டபின் எஞ்சின் விரைந்தால்: உறிஞ்சு குழாய், புட்வால்வு, கிணற்றின் நீர்மட்டம்.

தாளம்போல ஏறியிறங்கி, சோக் மூடச் சீர்ப்பட்டால்: ஜெற் அடைப்பு, எரிபொருட் குழாய், கஸ்கெற் கசிவு.

சிறிது நேரம் ஓடி நின்று, மூடியைத் தளர்த்தச் சீர்ப்பட்டால்: மூடியின் காற்றுத்துளை.

கரும்புகையோடு தளர்ந்தால்: காற்று வடிகட்டி, முழுதும் திறவாத சோக்.

ஒழுங்கின்றி வெட்டி ஓடினால்: பிளக், தொப்பி, பெற்றோலில் நீர்.

சூடேறியபின் மாத்திரம் வெட்டினால்: செதில்களில் அடைப்பு, தீப்பொறிச் சுருள்.

நெம்பைப் பிடிக்கச் சீர்ப்பட்டால்: கவனரின் கம்பி, வில், மூட்டுக்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, அதன்பின் அடுத்ததற்குச் செல்க. ஒருங்கே பலவற்றை மாற்றினால் எது குற்றமென்று அறியாது போகும். இச்சோதனைகளின் பின்னும் ஓட்டம் சீர்ப்படாவிடின், வால்வுகளும் வளையங்களும் பார்க்கப்படவேண்டும். அது பயிற்சிபெற்ற திருத்துநரின் வேலை. நீங்கள் கண்ட குறிகளையும் செய்த சோதனைகளையும் அவருக்கு ஒழுங்காகக் கூறின், அவரது நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும். இறைப்புப் பற்றிய பிற ஐயங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.